கேகான்ஃபிக்: பல கெர்னல்கள் கட்டிய பிறகு

கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எவை சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அமைப்புதான் கேகான்ஃபிக். லினக்ஸில் 2.5.45 பதிப்போடு வந்த அது, 20 ஆண்டு தாண்டியும் அதே எளிய கணக்கில்தான் ஓடுகிறது. எதை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் மேக்ஃபைலில் டிரைவருக்கான வரி "ஆப்ஜ்" என்று தொடங்கும். மெனுகான்ஃபிக் என்ற தேர்வுத் திரையில் அந்த ஆப்ஷனுக்குக் கொடுத்த விடை அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஒய் என்றால் அந்த சி ஃபைல் கெர்னல் இமேஜுக்குள் போகும். எம் என்றால் தனி மாட்யூல், தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டு. என் என்றால் கம்பைலர் அதைத் திறந்துகூடப் பார்க்காது.

ஒரே ஃபைலுக்குள் சில வரிகளை மட்டும் வெட்டும்போதுதான் எம் வழுக்கிவிடும். எம் கொடுத்த ஆப்ஷனுக்கு, விடைகளை சி கோடுக்குச் சொல்லும் ஆட்டோகான்ஃப் ஹெடரில் பெயரின் பின்னால் "_மாட்யூல்" சேர்ந்த மேக்ரோதான் இருக்கும். வெறும் இஃப்டெஃப் (மேக்ரோ இருந்தால் மட்டும் வரிகளைச் சேர்க்கும் கட்டளை) அதைக் காணாது. கோட் சத்தமில்லாமல் விடுபடும். இஸ்_எனேபிள்டு மேக்ரோ ஒய், எம் இரண்டையும் பார்க்கும். சி மொழியின் சாதாரண இஃப்-இல் அதைப் போட்டால், அணைத்த பகுதியையும் கம்பைலர் படித்துவிட்டே எறிவதால் அதிலுள்ள பிழையும் வெளியே வரும்.

பொறுமையை அதிகம் சோதிப்பது, ஓர் ஆப்ஷனோடு வேறொன்றையும் சேர்த்து இயக்கும் செலக்ட் வரி. இன்னொரு ஆப்ஷனை, அதன் தேவைகள் நிறைவேறினவா என்று பாராமலே இழுத்துப் போட்டுவிடும். "அன்மெட் டைரக்ட் டிபெண்டன்சீஸ்" எச்சரிக்கையைத் தாண்டிப் போனால், பல நேரம் கடைசியில், கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்க்கர் மல்லுக்கு நிற்கும். ஓர் ஆப்ஷனை அணைக்கவே முடியவில்லையா? மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டைத் தட்டித் தேடினால், பிடித்து வைத்திருப்பது யார் என்பது "செலக்டட் பை" வரியில் இருக்கும்.

ஆப்ஷன் பட்டியலைச் சுருக்கும் லோக்கல்மாட்கான்ஃபிக் கட்டளை கம்பைல் நேரத்தைப் பெரிதும் குறைக்கும், ஆனால் அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே விட்டுவைக்கும். யுஎஸ்பி டிரைவ், வெப்கேம், விபிஎன் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிவிட்டு ஓட்டுவது நல்லது. இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் பயன்படும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) இல்லாமல் பூட் செய்பவர்கள், தங்கள் ரூட் டிஸ்க்குக்கான என்விஎம்இ டிரைவரையும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தையும் எம் என விட்டால், ரூட் மவுண்ட் ஆகாமல் கெர்னல் பேனிக்தான், கணினி அப்படியே நின்றுவிடும்.

விடைகள் சேமிக்கப்படும் டாட் கான்ஃபிக் ஃபைலில் நேரடியாகக் கைவைப்பவர்கள் கவனிக்க: ஹாஷ் குறியோடு "இஸ் நாட் செட்" என்று முடியும் வரி பார்வைக்குத்தான் கமெண்ட், உண்மையில் அதுதான் என் என்ற விடை. அதை அழித்துவிட்டு, விடையில்லாத ஆப்ஷன்களை டிஃபால்ட்டால் நிரப்பும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டினால் டிஃபால்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும், சில இடங்களில் அது ஒய். எதிர்ப்பக்கமும் உண்டு: தேவைகள் நிறைவேறாத ஆப்ஷனுக்குக் கையால் எழுதிய ஒய், ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்துவிடும். முந்தைய ஃபைலை நகலெடுத்து வைத்து, ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியிலுள்ள டிஃப்கான்ஃபிக்கில் இரண்டையும் கொடுத்தால், காணாமல் போன ஒய் மைனஸ் குறியோடோ என் ஆக மாறியோ பட்டியலில் நிற்கும்.