ஹேபியஸ் கார்பஸா, ஆட்கொணர்வு மனுவா?

பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் மகன் அடைபட்டிருக்க, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் பேருந்து ஏறும் தாயின் மஞ்சள் பையிலுள்ள தாளில் ‘எச்.சி.பி.’ (ஹேபியஸ் கார்பஸ் பெட்டிஷன்) என்ற எழுத்துகளும் ஓர் எண்ணுமே இருக்கும். ஹேபியஸ் கார்பஸ் என்ற லத்தீன் தொடர், ‘உடலை நீ முன்னிறுத்துவாயாக’ என்று காவலில் வைத்தவருக்கு இடும் கட்டளையாகும்.

அதன் தமிழாக்கமான ‘ஆட்கொணர்வு’ கேட்டவுடனே விளங்குகிறது. உடலை ‘ஆள்’ ஆக்கியது அருமையான தேர்வு, ஏனெனில் திருநெல்வேலிப் பக்கம் ‘உடல்’ என்றாலே பெற்றவள் நெஞ்சு பதறும். ஆயினும், தடுப்புக்காவல் வழக்குகளில் ஆளைக் கொணர்வதைவிட, அவரைக் காவலில் வைத்த ஆணை செல்லுமா என்பதே வாதமாதலால், அச்சொல் சற்றே வழிமாற்றும்.

அரசமைப்பின் 32, 226ஆம் உறுப்புகள் லத்தீன் பெயரையே சுட்டுவதால் மனுவின் தலைப்பில் அது நிற்கட்டும்; அந்தத் தாயிடம் வழக்கறிஞர் ஆட்கொணர்வு என்றே சொல்லி, ஆணை ரத்தானால் மகன் வெளியே வர வழி பிறக்கும் என்றும் விளக்க வேண்டும்.