ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடை

ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கமுள்ள இந்தச் சின்னக் கடைக்கு ரீலோட் போடத்தான் பலரும் போவார்கள். போராட்டங்களில் வீடியோ எடுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளை நான் வேறு காரணத்துக்காக அனுப்புவேன்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும். எடுத்த நேரம், இடம் பற்றிய விவரமும் போய்விடும். கடை அண்ணன் போனில் இருப்பதை அப்படியே பென்டிரைவில் ஏற்றித் தருகிறார். அப்புறம்தான் பேஸ்புக்கில் போடச் சொல்கிறார். சரியான வரிசை அதுதான்.

2020 மே 25இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸ் பிடியில் இறந்ததைப் பொலிஸின் முதல் அறிக்கை 'மருத்துவச் சம்பவம்' என்றது. 17 வயது டார்னெல்லா ஃபிரேசியர் பேஸ்புக்கில் போட்ட வீடியோதான் மக்களை வீதிக்கு இறக்கியது. பிறகு நீதிமன்றத்திலும் சாட்சியானது. இங்கே இலங்கையிலோ 2022 ஏப்ரல் 3இல் அரசு சமூக ஊடகங்களையே முடக்கியது. பதுளைப் பக்கத்துப் பெண் ஒருவர் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இறந்தது 2023இல். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. அதனால் வீடியோவின் பிரதி நம் கையில் இருக்கத்தான் வேண்டும்.

ஒரு பெரிய குறை: கணினித் திரை வீதியைப் பார்த்தபடி இருக்கிறது. வீடியோவில் உள்ள பிள்ளைகளின் முகம் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரிகிறது. அண்ணன் அதை உடனே உள்பக்கம் திருப்ப வேண்டும்.