பழைய மின்னஞ்சல்களுக்கு ஒரு பரண்: தண்டர்பேர்ட்

ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தைப் புகைப்படங்களும் டிரைவில் உள்ள கோப்புகளும் பங்கு போட்டுக்கொள்வதால், நீண்ட நாள் கணக்கு வைத்திருப்பவருக்கு 'இடம் நிரம்புகிறது' என்ற எச்சரிக்கை என்றைக்காவது வந்தே தீரும். எனக்கு வந்தபோது, மாதச் சந்தா கட்டுவதை விட, 2012-க்கு முந்தைய மடல்களை வீட்டுக் கணினிக்கே இறக்கிவிடலாம் என்று தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியை நிறுவினேன். 2004-இல் 1.0 பதிப்பு கண்ட இந்தச் செயலி இன்றும் இலவசம்தான், நன்கொடையில் நடக்கிறது.

கணக்கை இணைப்பது சில நிமிட வேலை. கவனம் வேண்டியது அதற்குப் பிறகு. மடலைத் தேர்ந்தெடுத்து 'ஏ' விசையைத் தட்டினால் அது ஆவணக் கோப்புறைக்குப் போகும் என்றாலும், அமைப்பை மாற்றாதவரை அந்தக் கோப்புறை கூகுளின் சர்வரில்தான் இருக்கும். ஓர் எம்பி கூட மிச்சமாகாது. கணக்கு அமைப்புகளில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' (நம் கணினியிலேயே உள்ள கோப்புறைகள்) என்பதைத் தேர்ந்து, ஆண்டுவாரியாகப் பிரிக்கச் சொன்ன பின்னரே மடல்கள் உண்மையில் வீடு வந்து சேர்கின்றன. அப்போதும் ஜிமெயிலின் 'ஆல் மெயில்' கோப்புறையில் பிரதி தங்கியிருக்கக்கூடும் என்பதால், இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அதையும் நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

நான் இதைப் பரிந்துரைக்க முதற்காரணம் எம்பாக்ஸ் என்னும் கோப்பு முறை. ஒரு கோப்புறையின் மடல்கள் அனைத்தும் வரிசையாக ஒரே உரைக்கோப்பில் எழுதப்படுவதால், நாளை இந்தச் செயலியே இல்லாமல் போனாலும் வேறொன்றில் திறக்கலாம். நோட்பேடில் திறந்து பார்த்தேன்: அனுப்பியவர், தேதி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன, தமிழ் மடல்களின் உள்ளடக்கம் மட்டும் பேஸ்64 குறியீட்டில் ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடந்தது. செயலிக்குள் அவையே நல்ல தமிழில் தெரிகின்றன.

ஒரே கோப்பு என்பதில் தொல்லையும் உண்டு. நீக்கிய மடல்கள், கோப்பைச் சுருக்கும் 'காம்பேக்ட்' கட்டளையைக் கொடுக்கும் வரை கோப்பை விட்டுப் போவதில்லை. முதலில் ஆண்டுவாரியாகப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டியது என் பிழை. ஃபேட்32 முறையில் வடிவமைத்த என் பென் டிரைவ், 4 ஜிபியைத் தாண்டிய அந்தக் கோப்பை ஏற்க மறுத்துவிட்டது.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியீடான திஸ்கியில் எழுதிய மடல்களை மட்டும் தண்டர்பேர்டால் படிக்க முடிவதில்லை. பொறுமை இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொன்றாக எழுத்துரு மாற்றியில் ஒட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.