கார்பன் குழாயில் அலுமினியம் ஒட்டக் கொடுக்கிறவர்கள், முன்பணத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கார்பன் ஃபைபர் குழாய்க்குள் அலுமினிய இன்செர்ட் (குழாய் முனையில் செருகும் துண்டு) ஒட்டும் வேலையை வெளியே கொடுக்கப் போகிறீர்களா? ஒரு பட்டறையில் நாங்கள் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் ஒரு கல்லூரி மாணவர் அணிக்கு நான் வெளியிலிருந்து உதவுகிறேன். சக்கரத்தைக் காரின் சேஸிஸோடு (சட்டத்தோடு) இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களை ஸ்டீல் குழாயில் வெல்டிங் செய்வதுதான் அதுவரை பழக்கம். எடை குறைக்க இந்த முறை கார்பன் குழாய்க்கு மாறினார்கள். கார்பனில் வெல்டிங் வைக்க முடியாது, நேரடியாக மரை வெட்டினாலும் தாங்காது. அதனால் 7075 ரக அலுமினியத்தை லேத்தில் கடைந்து, குழாயின் இரண்டு முனையிலும் எபாக்சிப் பசை வைத்து ஒட்டி, அந்த இன்செர்ட்டின் மரையில் ராட் எண்டை (உருண்டை மூட்டு உள்ள முனையை) திருகுவார்கள். பிரேக் போடும்போது சக்கரத்தில் விழும் பாரம் முழுக்க அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தப் பசை வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகிறது.

பட்டறைக்காரரின் பேச்சில் குறை சொல்ல முடியாது. "ட்ரோனுக்கெல்லாம் நாங்கதானுங்க செஞ்சு குடுக்கறோம், உங்க வேலையெல்லாம் ஒரு வேலையா தம்பி" என்று பையன்களிடம் சொல்லி, ஒரு இழுவைச் சோதனை அறிக்கையையும் நீட்டினார். கொட்டேஷனில் பெயர் பெற்ற ஒரு டூ-பார்ட் எபாக்சியின் பெயர் இருந்தது. பரப்பைத் தயார் செய்வதற்குத் தனிக் கட்டணம், ஒவ்வொரு ஆர்மையும் இழுத்துச் சோதிப்பதற்குத் தனிக் கட்டணம். பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டார்.

சொன்ன தேதி தாண்டித்தான் ஆர்ம்கள் வந்தன, ஆனால் பார்க்க அம்சமாக இருந்தன. விளிம்பில் வழிந்த பசையைக்கூட நேர்த்தியாகத் துடைத்திருந்தார்கள். காரில் மாட்டுவதற்கு முன் ஒன்றையாவது கல்லூரி யூடிஎம்மில் (பொருளை இழுத்துப் பலம் பார்க்கும் இயந்திரத்தில்) இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு மாணவி பிடிவாதமாக நின்றார். 4 கிலோ நியூட்டனைத் தொடும் முன்பே இன்செர்ட் குழாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். குழாயின் உள்விட்டம் 20 மி.மீ., ஒட்டிய நீளம் 30 மி.மீ. பசை பிடிக்கும் பரப்பு சுமார் 1,885 சதுர மி.மீ. வரும். நன்றாகத் தயார் செய்த அலுமினியத்தில் இந்த ரகப் பசைகளுக்கு 30 மெகா பாஸ்கல் (சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன்) அளவுக்குக்கூட டேட்டா ஷீட்டில் போட்டிருப்பார்கள். அவ்வளவு வேண்டாம், 10 என்று வைத்தாலே ஏறக்குறைய 19 கிலோ நியூட்டன் தாங்கியிருக்க வேண்டும்.

பட்டறைக்காரருக்கு ஃபோன் செய்தால், "மிஷின்ல கோணலாப் புடிச்சு இழுத்திருப்பீங்க" என்றார். இன்னும் இரண்டு ஆர்மிலும் இன்செர்ட் அதேபோல உருவிக்கொண்டு வந்த பிறகு, பசைக் கம்பெனியின் லாட் சரியில்லை என்று மாற்றினார். பசையின் மேல் பழியைப் போட முடியாது என்பதற்கு உடைந்த துண்டுகளே சாட்சி. இந்தப் பதிவில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் அடுத்ததைப் படியுங்கள்.

ஒழுங்காக ஒட்டிய இணைப்பு உடைந்தால் பசையே நடுவில் கிழியும், இரண்டு பக்கமும் பசை ஒட்டியிருக்கும். அல்லது கார்பனின் மேல் அடுக்கு இழைகளோடு பிய்ந்து வரும். எங்கள் முதல் இன்செர்ட் கழுவி வைத்த மாதிரி வெளியே வந்தது. அதன் மேல் லேத் கோடுகள் அப்படியே இருந்தன, உப்புத்தாள் பட்ட தடமே இல்லை. குழாய்க்குள் தங்கிவிட்ட பசையில் அதே கோடுகள் அச்சாகப் பதிந்திருந்தன. அதாவது பசை உலோகத்தைப் பிடிக்கவே இல்லை, சும்மா சுற்றி உறைந்திருக்கிறது. இன்னொன்றில் நேர் எதிர். பசை முழுக்க இன்செர்ட்டோடு வந்துவிட்டது, குழாயின் உட்புறம் பளபளவென்று புதிதாக இருந்தது. இந்தக் குழாய்களை ஒரு உருளையின் மேல் சுற்றி வேகவைத்து உருவுகிறார்கள். உருவ வசதியாக உருளையில் ரிலீஸ் ஏஜென்ட் பூசுவது வழக்கம், அதன் மிச்சம் குழாயின் உள்சுவரில் தங்கும். அசிட்டோனால் துடைத்து, உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, மறுபடி துடைத்தால்தான் பசை பிடிக்கும். அலுமினியத்தில் முதலில் லேத்தின் கூலன்ட் எண்ணெய் போக வேண்டும், பிறகு தேய்க்க வேண்டும், தேய்த்ததும் தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். விமானத் தொழிலில் இன்னும் ஒரு படி மேலே போய் ஃபாஸ்பாரிக் அமிலத்தில் அனோடைஸ் செய்கிறார்கள் (மின்சாரத்தால் ஆக்சைடு படலம் வளர்க்கிறார்கள்). நாங்கள் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. காசு வாங்கிய வேலையைச் செய்திருந்தால் போதும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கச் செலவே இல்லாத வழி உண்டு. பரப்பின் மேல் தண்ணீர் விடுங்கள். சீராகப் படர்ந்து நின்றால் சரி. தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. "இதை எங்களுக்குக் காட்டுங்கள்" என்று பட்டறையில் தாராளமாகக் கேட்கலாம்.

ஒரு துண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது இன்னும் வந்தது. இன்செர்ட் மையத்தில் இல்லை. ஒரு பக்கம் பசை தடியாக, மறுபக்கம் உலோகம் கார்பன் மேலேயே உரசிக்கொண்டு. இந்த ரகப் பசைக்கு 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி வேண்டும். அதற்குப் பசையில் நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கலப்பார்கள், இல்லையென்றால் மெல்லிய கம்பித் துண்டு வைப்பார்கள். இங்கே ஒன்றுமே இல்லை. மறுமுனை மூடியிருந்த குழாயில் காற்று போக ஓட்டை விடாமல் இன்செர்ட்டை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அழுத்தப்பட்ட காற்று பசையைத் துளைத்துக்கொண்டு வெளியேறிய வாய்க்கால் தெளிவாகத் தெரிந்தது.

உலோகம் கார்பனைத் தொடுவது பலம் சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டுமில்லை. கார்பன் மின்சாரம் கடத்தும். ஈரம் பட்டால் கார்பனும் அலுமினியமும் சேர்ந்து ஒரு பேட்டரியாகிவிடும், அரிபடுவது அலுமினியம். விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான். போயிங் 787-இன் எடையில் பாதி காம்போசிட் (கார்பன் ஃபைபர் போன்ற இழையும் பிசினும் சேர்ந்த பொருள்), டைட்டானியம் 15 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. கார்பனோடு அலுமினியத்தைச் சேர்த்தால் அரிக்கும் என்பது அவ்வளவு டைட்டானியத்துக்கு ஒரு முக்கியக் காரணம். நம் வேலைக்கு டைட்டானியம் கட்டுப்படியாகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு அடுக்கு கிளாஸ் ஃபைபர், அல்லது முழுச் சுற்றும் சீரான பசை. எங்கள் கொட்டேஷனிலும் "கிளாஸ் அடுக்குடன்" என்று எழுதியிருந்தது, அறுத்த துண்டில் தேடியும் கிடைக்கவில்லை.

சீக்கிரம் உறைய ஹீட் கன் காட்டியதை எங்கள் பையன் ஒருவன் அங்கே நேரில் பார்த்திருக்கிறான். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், கார்பன் இழையின் நீளவாட்டில் கிட்டத்தட்ட விரியவே விரியாது. சூட்டில் உறையவைத்து ஆறவிட்டால் உள்ளே இருக்கும் அலுமினியம் சுருங்கிக் குழாய்ச் சுவரை விட்டு விலகப் பார்க்கும். பாரம் ஏறுவதற்கு முன்பே பசை இழுபடத் தொடங்கிவிடும்.

அப்புறம் அந்தச் சோதனை அறிக்கை. நிதானமாகப் படித்தால் அதில் இருக்கும் குழாயின் விட்டமே வேறு, தேதியும் இல்லை. எங்கள் ஆர்ம்களை எங்கே இழுத்தீர்கள் என்றால் "வெளிய குடுத்துப் பண்ணினோமுங்க" என்றார். எந்த லேப், பில் எங்கே என்றால் பதில் இல்லை. பசை வந்த காலி கார்ட்ரிட்ஜைக் கேட்டோம், தூக்கிப் போட்டுவிட்டாராம்.

சமாதானமாக, ட்ரில் போட்டு ரிவெட் அடித்துத் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். யாராவது அப்படிச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மெல்லிய குழாயில் துளை போட்டால் இழைகள் அறுபடும், ஓட்டையைச் சுற்றி அடுக்குகள் பிரியும், அலுமினிய ரிவெட் என்றால் அரிப்பும் சேரும். ஒட்டுவதே ஆகாத வேலை என்றும் முடிவுகட்ட வேண்டாம். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் அலுமினிய சேஸிஸே எபாக்சியால் ஒட்டியதுதான்.

நீங்கள் வேலை கொடுக்கும்போது பசையை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். லாட் எண்ணும் காலாவதித் தேதியும் தெரியக் கார்ட்ரிட்ஜைப் படம் எடுத்து வையுங்கள். ஒட்டும் அன்று உங்கள் ஆள் ஒருவர் அங்கே இருக்கட்டும். அதே நாளில், அதே பசையில், அதே குழாய்த் துண்டில் மாதிரி இணைப்புகள் இரண்டு மூன்று செய்யச் சொல்லி, அவற்றை நீங்களே உடைத்துப் பாருங்கள். எத்தனை கிலோ நியூட்டனில் உடைந்தது என்பதோடு, உடைந்த முகத்தையும் பாருங்கள். ஒவ்வொரு ஆர்மையும் காரில் வரக்கூடிய பாரத்துக்கு மேலே இழுத்துச் சோதித்த பிறகுதான் மீதிப் பணம் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். நேர்மையான பட்டறைக்காரர் இதில் எதற்கும் முகம் சுளிக்க மாட்டார்.

முன்பணம் இன்னும் திரும்பவில்லை. பாதி விலைக்குப் புதிதாக ஒட்டித் தருவதாகச் சொல்கிறார், மறுத்துவிட்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறோம், அதில் முடியாவிட்டால் மாவட்ட ஆணையம். உடைந்த இன்செர்ட்டுகளை லேபிள் ஒட்டிப் பையில் போட்டு வைத்திருக்கிறோம். போட்டிக்கு இந்த முறை பழைய ஸ்டீல் ஆர்ம்கள்தான் போகின்றன.