பில்லில் இருந்த கறுப்பு வயர் குழாயில் இல்லை

திருச்சியில் உள்ள எங்கள் வீட்டில் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி டிபி பெட்டிகள் (கரண்டைப் பல லைன்களாகப் பிரித்துக் கொடுப்பவை). ஒவ்வொன்றிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று; கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்து ஷாக்கிலிருந்து காக்கும் கருவி அது. சில மாதங்களுக்கு முன் 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரியும் வாங்கினோம். அதன் அவுட்புட்டை இரண்டு டிபிகளுக்கும் கொடுக்க, விற்ற கடையே எலக்ட்ரீஷியனை அனுப்பியது. கீழ்த்தளத்தில் இன்வெர்ட்டர் லைன்களுக்குத் தனி நியூட்ரல் லிங்க் (கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயர்களைச் சேர்க்கும் பட்டை) வைத்து ஒழுங்காகத்தான் செய்தார். கோளாறு மாடியில்.

அன்று மாலை மாடியில் மின்விசிறியைப் போட்டதும் அங்கிருந்த ஆர்சிசிபி விழுந்தது, அதாவது தானாகக் கரண்டைத் துண்டித்தது. "பழைய ஆர்சிசிபி சார், வீக் ஆயிடுச்சு" என்றார். அதை நம்பி, புதியதற்கும் பணம் கொடுத்தேன். அதுவும் விழுந்தது. மறுநாள் வந்து, பெட்டியைத் திறந்து அரைமணி நேரம் ஏதோ செய்து, "சரி பண்ணியாச்சு" என்று சொல்லிச் சென்றார். அதன்பின் விழவே இல்லை. அதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, மாடியில் வாஷிங் மெஷினைத் தொட்ட அம்மாவுக்குக் கை சுள்ளென்றது. நல்லவேளை, காலில் ரப்பர் செருப்பு இருந்தது. ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். நெம்பு 'டக்'கென்று கீழே விழுந்தது. ஆனால் ஹாலில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது.

தெரிந்த வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வரும் பேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் ஆர்சிசிபியைத் தொட்டுவிட்டு, அதைத் தாண்டி நேராக எம்சிபிகளுக்கும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள பாதுகாப்பு சுவிட்சுகள்) நியூட்ரல் லிங்க்குக்கும் போயிருந்தன. ஆர்சிசிபி அங்கே வெறும் பொம்மை. வாஷிங் மெஷின் பிளக் பாயிண்டில் எர்த் வயரும் கழன்றிருந்தது; அது எங்கள் பழைய குறை, அதற்குக் கடை அனுப்பிய எலக்ட்ரீஷியனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட நேரத்தில் காப்பாற்றுவதற்காகவே வைத்த கருவியைத்தான் அவர் முடக்கியிருந்தார்.

முதலில் அது விழுந்ததற்கான காரணமும் அப்போதுதான் விளங்கியது. பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று ஆர்சிசிபி பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் துண்டித்துவிடும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரிலிருந்து மாடிக்குச் சிவப்பு பேஸ் வயர் ஒன்றுதான் இழுக்கப்பட்டிருந்தது. அந்த லைனின் கரண்ட் போகும்போது மாடி ஆர்சிசிபியைத் தொடாமல் போய், திரும்பும்போது மட்டும் மாடி நியூட்ரல் வழியாக அதனூடே வந்தது. 75 வாட் மின்விசிறி ஒன்றே சுமார் 325 மில்லி ஆம்பியர் எடுக்கும். விழாமல் எப்படி இருக்கும்? பில்லிலோ பேஸுக்குச் சிவப்பில் 30 மீட்டர், நியூட்ரலுக்குக் கறுப்பில் 30 மீட்டர் என்று இரண்டுக்கும் பணம் வாங்கியிருந்தார்கள்.

இப்போது மாடிக்கு நியூட்ரலும் தனியாக இழுத்து, மாடி டிபியில் இன்வெர்ட்டர் லைன்களுக்கென்று தனி நியூட்ரல் லிங்க்கும், அவுட்புட்டுக்குத் தனி ஆர்சிசிபியும் வைத்திருக்கிறோம். ஆர்சிசிபியைத் தாண்டிப் போன அந்தக் குறுக்குவழி இணைப்பையும் எடுத்தாயிற்று.

இந்த வேலைக்கு ஆள் விடுபவர்கள், பணம் கொடுக்குமுன் டிபியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து ஒவ்வொரு டிபிக்கும் இரண்டு வயர்கள் வருகின்றனவா என்று எண்ணுங்கள். டெஸ்ட் பொத்தானை அழுத்தி, நெம்பு விழுவதோடு அந்த லைனில் கரண்டும் நிற்கிறதா என்று பாருங்கள். கடையில் கேட்டதற்கு, வயரிங் எலக்ட்ரீஷியனின் பொறுப்பு என்றார்கள். எலக்ட்ரீஷியனோ போனில், "லைட் எரியுதுல்ல சார்?" என்று கேட்டார். கறுப்பு வயருக்கான பணம் இன்னும் திரும்பி வரவில்லை.