மேடை விளக்குகள் துடிக்கின்றனவா? கன்சோலை மாற்றச் சொல்பவரிடம் கவனமாக இருங்கள்

அரங்க ஒளியமைப்பைப் பழுதுபார்க்க வந்த ஒரு நிறுவனம் எங்கள் நாடகக் குழுவுக்குச் செய்ததை இங்கே பதிவு செய்கிறேன். பணம் போனது ஒருபுறம் இருக்க, அவர்கள் விட்டுச்சென்ற வேலை ஒருவருடைய உயிரையே பறித்திருக்கக் கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒத்திகையின்போது, மோட்டாரால் திரும்பும் மூவிங் ஹெட் விளக்குகள் கட்டளையில்லாமல் திரும்பின. எல்இடி விளக்குகள் துடித்தன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் இணைந்த ஹாலஜன் விளக்குகள் பாதி வெளிச்சத்தில் எரியும்போதுதான் இது நடந்ததே தவிர, அவை முழுதாக எரியும்போதோ அணைந்திருக்கும்போதோ நடக்கவில்லை. விவரம் அறிந்தவருக்கு இந்த ஒரு குறிப்பே போதும். டிம்மர் மின்னலையின் ஒவ்வோர் அரைச் சுற்றையும் நடுவில் வெட்டித் திறக்கிறது; பாதி வெளிச்சத்தில் அந்தத் திறப்பு மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்துக்கு அருகே நிகழ்வதால், அப்போதுதான் மின்இரைச்சல், அதாவது சிக்னலைக் குழப்பும் மின் இடையூறு, மிகுதியாகக் கிளம்பும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது டிம்மரின் கேபிள்களும், விளக்குகளை இயக்கும் மேசையான கன்சோலிலிருந்து கட்டளைகளைக் கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிளும் எங்கே நெருங்குகின்றன என்பதையே.

வந்தவரோ மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கன்சோல் பழுதாகிவிட்டதென்று எழுதிக் கொடுத்தார். அதை நம்பிக் குழு அவர்களிடமே புதிய கன்சோல் வாங்கியது. துடிப்பு அப்படியே இருந்தது. அடுத்து, மின்சாரத்தைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லி ஒரு பெட்டியை விற்றார்கள், அதனாலும் பயனில்லை. கடைசியாக, எர்த் வழியாகக் கோளாறு வருகிறது என்று சொல்லி, கன்சோல் பிளக்கினுள் எர்த் இணைப்பாக இருந்த பச்சை வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றிவிட்டார். அன்று மாலை துடிப்பு சற்றுக் குறைந்ததைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். எர்த் இல்லாத உலோக உடல் கொண்ட கருவியில் உள்ளே ஒரு வயர் கழன்று உடலைத் தொட்டால், அந்த மின்சாரம் இறங்க வழியிருக்காது, பியூஸும் போகாது. கன்சோலின் மேல் கைவைத்திருப்பவரே அதற்கு வழியாகிவிடுவார். எர்த் வழியாக உண்மையிலேயே இரைச்சல் வந்தால், அதைத் தடுக்க சிக்னலை மின்தொடர்பில்லாமல் ஒளிவழியாகக் கடத்திப் பல கிளைகளாகப் பிரிக்கும் டிஎம்எக்ஸ் ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. மின்இணைப்பின் எர்த்தைத் தொடவே தேவையில்லை.

பிறகு வேறோர் அரங்கில் பணிபுரியும் ஒளியமைப்பாளர் ஒருவர் வந்து கேபிளைத் தொடக்கம் முதல் கடைசி வரை நடந்து பார்த்தார். பச்சை வயரைத் திரும்ப இணைத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்கினார். டிஎம்எக்ஸ் சிக்னலுக்குச் சாதாரண மைக் கேபிள் போடப்பட்டிருந்தது. அதுவும் டிம்மரிலிருந்து விளக்குகளுக்குப் போகும் கேபிள்களோடு ஒரே குழாய்க்குள் நெடுந்தூரம் ஓடியது. நடுவில் ஓரிடத்தில் வயரை இரண்டாகப் பிரித்து ஒட்டியிருந்தார்கள். கடைசி விளக்கில், கேபிள் முனையை முடித்துவைக்கும் டெர்மினேட்டர் இல்லை. டிஎம்எக்ஸ் 512 நொடிக்கு 250,000 பிட் வேகத்தில் ஓடுவது. அந்த வேகத்தில் கேபிள் முனை வெறுமனே இருந்தால் சிக்னல் மோதித் திரும்பி வந்து தன்னையே குழப்பும். வந்த தகவல் சரிதானா என்று சோதிக்கும் ஏற்பாடும் அதில் இல்லாததால், விளக்கு தவறான எண்ணையும் கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது.

அவர் டிஎம்எக்ஸுக்கு உரிய, இரட்டை முறுக்கு வயருள்ள கேபிளைத் தனிப் பாதையில் கொண்டுபோனார். டிம்மர் கேபிளைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக, செங்கோணத்தில் கடக்கவிட்டார். பிரித்து ஒட்டிய இடத்தில் ஸ்ப்ளிட்டர் வைத்தார். முடிவில் 2, 3ஆம் பின்களுக்கு இடையே 120 ஓம் ரெசிஸ்டர் கொண்ட டெர்மினேட்டரைச் செருகினார். பழுதென்று ஒதுக்கப்பட்ட பழைய கன்சோலை இணைத்து, ஹாலஜன் விளக்குகளைப் பாதி வெளிச்சத்தில் வெகுநேரம் நிறுத்திப் பார்த்தோம். ஒரு விளக்கும் அசையவில்லை.

அந்த நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது; பச்சை வயரைப் பற்றிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. உங்கள் அரங்குக்கு யாரேனும் வந்து கன்சோல் போய்விட்டது என்றால், கன்சோலை ஒரே ஒரு விளக்கோடு, புதிய குட்டைக் கேபிளில் இணைத்து உங்கள் கண்முன்னே சோதிக்கச் சொல்லுங்கள். அதில் சரியாக இயங்கினால், பழுது பெரும்பாலும் கேபிளிலோ அது ஓடும் பாதையிலோதான் இருக்கும். அவர் போன பிறகு ஒவ்வொரு பிளக்கையும் திறந்து எர்த் வயர் இருக்கிறதா என்று பாருங்கள்.