என்எஃப்எஸ் ஸ்டோரேஜில் விஏஏஐ: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்களிடம் மூன்று ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விஎம்வேர் மென்பொருளில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் சர்வர்), என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையில் நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜ் தரும் ஒரு நாஸ் பெட்டி, நடுவே 1 ஜிகாபிட் லைன். பயிற்சி லேப் என்பதால் திங்கட்கிழமை தோறும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து (தயாராக வைத்த மாதிரி மெஷின்) இருபது முப்பது மெஷின் குளோன் செய்ய, அதாவது நகலெடுக்க வேண்டும். 60 ஜிபி டெம்ப்ளேட் ஒன்றுக்கு இருபது நிமிடம் ஆகும். ஞாயிறு இரவே ஆரம்பித்துவிடுவேன்.

அபத்தம் என்னவென்றால், எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒரே பெட்டி. ஆனாலும் ஹோஸ்ட் அத்தனை டேட்டாவையும் லைன் வழியாக வாங்கி, திரும்ப அதே லைனில் அனுப்பிக்கொண்டிருந்தது. "நீயே உள்ளுக்குள் காப்பி எடுத்துக்கொள்" என்று ஸ்டோரேஜிடம் சொல்வதுதான் விஎம்வேரின் விஏஏஐ வசதி. ஐஸ்கஸி போன்ற பிளாக் ஸ்டோரேஜில் (கோப்பாக இல்லாமல் டிஸ்க்காகவே இடம் தருவது) இதற்கான கட்டளைகள் டிஸ்க்கோடு பேசும் ஸ்கஸி தரத்திலேயே இருப்பதால் தனியாக ஒன்றும் போட வேண்டாம். என்எஃப்எஸ்-க்கு அந்த வசதி 2011-இல் விஎம்வேரின் விஸ்ஃபியர் 5.0 பதிப்புடன்தான் வந்தது, அதற்கும் ஸ்டோரேஜ் தயாரிப்பாளர் தரும் பிளக்கினை ஒவ்வொரு ஹோஸ்டிலும் ஏற்ற வேண்டும்.

ஏற்றுவது பெரிய வேலை இல்லை. ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடில் போட்டு, விப் கோப்பை (ஈஎஸ்எக்ஸ்ஐ-க்கான நிறுவல் பொதி) ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவி மூலம் நிறுவி, ரீபூட். பிறகு அதே ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ-யில் என்எஃப்எஸ் டேட்டாஸ்டோர் (மெஷின்களின் கோப்புகள் இருக்கும் ஸ்டோரேஜ் இடம்) பட்டியலை எடுத்தால் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' என்ற பத்தியில் 'சப்போர்ட்டட்' என்று வர வேண்டும். வந்தது. முதல் குளோன் ஒரு நிமிடத்துக்குள் முடிந்ததும், ஏதோ தப்பு என்று நினைத்து மெஷினை ஆன் செய்து பார்த்தேன். ஒழுங்காகவே பூட் ஆனது.

இதை நம்பி எல்லாமே பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அணைத்து வைத்த மெஷினுக்கும் டெம்ப்ளேட்டுக்கும்தான் எங்களுக்குப் பலன் கிடைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை அணைக்காமலே ஸ்டோரேஜ் விமோஷன் என்ற வசதியில் வேறு டேட்டாஸ்டோருக்கு நகர்த்தினால் பழையபடி லைன் வழியாகத்தான் போகிறது. மெஷினுக்குள் நடக்கும் சாதாரண படித்தல் எழுதுதலிலும் வேகம் அதிகரிக்காது.

எதிர்பாராத ஒரு தலைவலியும் வந்தது. பிளக்கின் இல்லாதபோது என்எஃப்எஸ்-இல் டிஸ்க் எல்லாமே தின்தான் (எழுத எழுத மட்டும் இடம் பிடிப்பது); திக் (முழு இடத்தையும் முதலிலேயே ஒதுக்குவது) தேர்வு செய்யவே முடியாது. பிளக்கின் இடம் ஒதுக்கும் வசதியையும் சேர்த்துத் தருவதால் அந்தத் தேர்வு திறந்துகொண்டது. லேபில் இருந்த தம்பி ஒருவர் பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் திக்காகப் போட, இரண்டே வாரத்தில் டேட்டாஸ்டோர் நிரம்பி வழிந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் சொல்லி வைக்கவில்லை.

பெரிய அடி இரண்டாம் வருடம். கிளஸ்டரை (ஹோஸ்ட்களின் தொகுப்பை) விஸ்ஃபியரின் அப்டேட் கருவியான லைஃப்சைக்கிள் மேனேஜரின் இமேஜ் முறைக்கு, அதாவது எல்லா ஹோஸ்டிலும் ஒரே மென்பொருள் தொகுப்பை வைக்கும் முறைக்கு மாற்றி அப்டேட் செய்தேன். அடுத்த திங்கட்கிழமை சில குளோன் ஒரு நிமிடத்தில் முடிகிறது, சில இருபது நிமிடம். லைனைச் சந்தேகப்பட்டேன், கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினேன். அரை நாள் போச்சு. கடைசியில் பட்டியலைப் பார்த்தால், அப்டேட் முடிந்திருந்த இரண்டு ஹோஸ்டில் 'நாட் சப்போர்ட்டட்'. இமேஜில் இல்லாத தனி விப்பை அப்டேட் துடைத்துவிட்டிருக்கிறது. அதற்கு முன்னால் எச்சரிக்கை காட்டியதாம். நான் படிக்காமல் தட்டிவிட்டேன். மூன்றாவது ஹோஸ்டை இன்னும் தொடாததால் அது மட்டும் தப்பியது. எந்த ஹோஸ்டில் டெம்ப்ளேட் பதிவாகி இருந்ததோ, அதைப் பொறுத்து வேகம் மாறியிருக்கிறது. எர்ரர் எதுவும் வராது என்பதுதான் இதன் மோசமான குணம். பிளக்கின் இல்லையென்றால் சத்தமில்லாமல் பழைய வழிக்குப் போய்விடும்.

இப்போது பிளக்கினின் ஜிப் வடிவத்தை லைஃப்சைக்கிள் மேனேஜர் கோப்புகளை எடுக்கும் டெப்போவில் ஏற்றி இமேஜிலேயே சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் பட்டியலில் அந்தப் பத்தியைப் பார்க்காமல் ஹோஸ்டை வேலைக்கு விடுவதில்லை.

போன மாதம் நான்காவது ஹோஸ்ட் சேர்த்தோம். இமேஜைப் போட்டதும் பிளக்கின் தானாக வந்து உட்கார்ந்தது. நாஸ் பெட்டியின் அனுமதிப் பட்டியலில் அதன் ஐபி-யைச் சேர்க்கத்தான் மறந்துவிட்டேன். டேட்டாஸ்டோரே மவுன்ட் ஆகவில்லை.